நானூற்றுப் பதினேழாம் வீட்டுக்காரர்

நாங்கள் செய்த விளையாட்டில் ஒரு குறையும் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். சொல்லிவிட்டு மூடி வைத்துவிட்டார்கள். கம்ப்யூட்டரில் ஊர் கட்டுகிற விளையாட்டு அது. வெறும் தரையில் ரோடு போட வேண்டும், குழாய் பதிக்க வேண்டும், வீடு, பள்ளிக்கூடம், தீயணைப்பு நிலையம் என்று ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். ஜனங்கள் குடிவருவார்கள். திரையின் மேல் ஓரத்தில் ஊரின் மகிழ்ச்சி எத்தனை சதவீதம் என்று ஓர் எண் ஏறிக்கொண்டே போகும். நூறு வந்தால் ஊர் முழுக்க வாணவேடிக்கை. பதினோரு மணி நேரத்தில் நூறு வந்துவிடும். வீட்டில் இருப்பவர்களைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டார்கள்.

மூன்று வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு அதை வடிவமைத்தது நான். எனக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் மேனேஜர் கெட்டவர் இல்லை. கெட்ட செய்தி சொல்ல வேண்டிய நாளில் மட்டும் பிஸ்கட் வாங்கி வருவார். அந்தத் திங்கட்கிழமை மேசைமேல் இரண்டு பாக்கெட் இருந்தது.

"ஒருத்தர்கூட ரெண்டாவது ஊர் கட்டலம்மா," என்றார். "ஒரு ஆளு, ஒரு ஊரு, அதோட சரி. ஒரு தடவை பாத்துட்டு பீரோவுல வெக்கறதுக்கு இது என்ன கல்யாண ஆல்பமான்னு முதலாளி கேக்கறாரு."

"அதுக்கு நான் என்ன சார் பண்ணணும்?"

"வர்ற வெள்ளிக்கிழமை பத்து பேரை வரவழைக்கிறோம். கேம் பக்கமே வராத சாதாரண ஜனங்க. கட்டி முடிச்சதும் அதுல ஆறு பேராவது, நாம ஒண்ணும் சொல்லாம, தானா 'புதிய ஊர்' பட்டனை அமுக்கணும். இல்லேன்னா இதை மூடிட்டு நீங்க எல்லாரும் குதிரைக்குப் போயிடுங்க. பிஸ்கட் எடுத்துக்கோ."

குதிரை என்பது பக்கத்து அறையில் ஓடும் விளையாட்டு. குதிரைக்குத் தலை வாரிவிட வேண்டும், அவ்வளவுதான். ஒரு சீப்பு, ஒரு குதிரை. உலகத்தில் பாதிப் பேர் அதை விடிந்து எழுந்ததும் விளையாடுகிறார்கள். வாரி முடித்தால் குதிரை கனைக்கும். அந்தக் கனைப்பு சுவரைத் தாண்டி எங்கள் காதில் விழும். மூன்று வருடம் ஊர் கட்டிய கையில் சீப்பைக் கொடுத்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன். பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டேன், ஏன் விட வேண்டும்.

என்னோடு வேலை செய்யும் புரோகிராமருக்கு எரிமலை என்று பெயர். நாங்கள் வைத்ததுதான். ஆள் வாயைத் திறந்து அதட்டிக்கூடப் பேச மாட்டார். ஆனால் எந்த விளையாட்டாக இருந்தாலும் அதில் ஓர் எரிமலை வைக்கலாமே என்பார். சின்னப் பிள்ளைகளுக்கான கூட்டல் கணக்கு விளையாட்டிலும் இதையே சொன்னவர். இதற்கு முன்னால் ஊரைப் பனியில் வைத்துப் பார்த்தோம். ஜனங்கள் அதே சதுர ஊரைப் பனியில் கட்டினார்கள். பாலைவனத்தில் வைத்தோம், அதே சதுர ஊர், மணல்மேல். கட்டடங்களுக்குத் தொப்பி பரிசு கொடுத்தோம். தபால் நிலையத்துக்குத் தொப்பி போட்டுவிட்டு மூடிவிட்டுப் போனார்கள். எனக்கு வேறு வழி தோன்றவில்லை.

"சரி, வைங்க உங்க எரிமலைய," என்றேன்.

அவர் கண் கலங்கிவிட்டது. பன்னிரண்டு வருடக் காத்திருப்பு, பாவம்.

இது ஆபீஸ் தலைவலி. வீட்டில் இன்னொன்று இருந்தது: என் மாமனார்.

மாமா பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக முப்பத்து மூன்று வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை நிமிடம் தாமதம் என்று குறித்துக்கொண்டு, தாமதமானவனைப் பிடித்துக் கேள்வி கேட்பது அவர் உத்தியோகம். எங்களோடு வந்து எட்டு மாதம் ஆகிறது. கேள்வி கேட்க பஸ் இல்லாததால் எங்களைக் கேட்டார். சுடுதண்ணீர் சுடுகிறது என்பார். ஆற்றிக் கொடுத்தால் ஆறிவிட்டது என்பார். திரைச்சீலை அவரையே பார்க்கிறது என்றார், மாற்றினேன். புதுத் திரைச்சீலை யாரையுமே பார்ப்பதில்லை என்றார். பக்கத்து வீட்டு நாய் நேற்றுக் குரைத்த நேரத்துக்கு இன்று குரைக்கவில்லை என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார், நான் என்னவோ அந்த நாயின் மேலதிகாரி மாதிரி. நான் வாய் பேசாமல் சரிசெய்ய முடிந்ததைச் சரிசெய்துவிட்டு பஸ் பிடிக்க ஓடுவேன். என் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். காலையில் எனக்கு முன்னால் நழுவிவிடுவார்.

புதன்கிழமை காலையில் நாற்காலியைப் பற்றி ஒரு புகார் வந்தது. ஏற்கெனவே நான்கு இடம் மாற்றியாகிவிட்ட நாற்காலி. பஸ்ஸில் உட்கார்ந்ததும் எனக்குக் கண்மண் தெரியாத ஆத்திரம். கையில் வேறு வேலை இருந்தது. எங்கள் விளையாட்டில் ஒவ்வொரு வீட்டுக்காரரும் ஊருக்குக் கடிதம் போடுவார். கடிதப் பெட்டி சரியாகத் திறக்கிறதா என்று பார்க்க மாதிரிக் கடிதங்கள் எழுத வேண்டும். எட்டு மாத மாமா என் நெஞ்சில் அப்படியே இருந்தார். மளமளவென்று, ஊரில் எதை வைத்தால் எது வர வேண்டும் என்ற குறிப்போடு நாற்பத்து மூன்று கடிதம் அடித்து, நானூற்றுப் பதினேழாம் எண் வீட்டுக்குள் போட்டேன். அந்த வீட்டுக்காரருக்கு ஒரு வழுக்கைத் தலைப் படம் ஏற்கெனவே இருந்தது. ஆத்திரம் அடங்கி, இறங்க வேண்டிய இடத்தில் இறங்கினேன்.

நான் செய்த தப்பு இதுதான். ஒவ்வொரு கடிதத்துக்கும் பக்கத்தில் ஒரு கட்டம் உண்டு. என்ன குறை என்று அதில் குறிப்பிட வேண்டும்: தண்ணீர், வெளிச்சம், ரோடு, இப்படி. அந்தப் பொருளைக் கொண்டுவந்து வைத்தால் வீட்டுக்காரர் திருப்தி ஆகிவிடுவார். மாமாவின் கடிதங்களுக்கு அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது? எனக்கே தெரியாது. காலியாக விட்டேன். மறுநாள் அழித்துவிடலாம் என்றிருந்தேன். மறுநாள் எரிமலைக் குழம்பு மலை ஏறியது. கீழே வருவதற்குப் பதிலாக மேலே போய்க்கொண்டிருந்தது. அதைத் திருப்பிவிடுவதற்குள் பொழுது போய்விட்டது. கடிதங்களை அடியோடு மறந்துபோனேன்.

வெள்ளிக்கிழமை பத்து பேரும் வந்து உட்கார்ந்தார்கள். பாதி கட்டி வைத்த ஊரைக் கொடுத்து முடிக்கச் சொன்னோம். பதினொன்றரை மணிக்கு எரிமலை வெடித்தது. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஒருவர் கொட்டாவி விட்டார். ஒருவர் "இது எப்ப முடியும்?" என்று கேட்டார். இரண்டு பேர் டீ குடிக்க எழுந்தார்கள். எங்கள் எரிமலை ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குதிரை கனைத்தது.

அப்போதுதான் மூன்றாவது மேசையில் இருந்த தையல்காரம்மா என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இது ஏன் தொண்ணூத்தொம்போதுலயே நிக்குது?"

"நூறு வருமே அக்கா."

"வரலியே. எல்லாம் வெச்சிட்டேன். எங்கியோ ஒரு பட்டன் விட்டுப்போன மாதிரி இருக்கு. எனக்குப் பிடிக்கல."

அவரே தேடி, நானூற்றுப் பதினேழாம் வீட்டைக் கண்டுபிடித்து, கடிதத்தைத் திறந்தார். 'என் நாற்காலிக்கு நேர் எதிரில் பஸ் திரும்புகிறது. கவனிக்கவும்' என்றிருந்தது. தையல்காரம்மா பஸ் நிறுத்தத்தைத் தள்ளி வைத்தார். அடுத்த கடிதம் வந்தது: 'பஸ் போய்விட்டது. எனக்கு மணி எப்படித் தெரியும்?' மணிக்கூண்டு கட்டிக் கொடுத்தார். 'மணிக்கூண்டு அடிக்கிறது. யாரைக் கேட்டு அடிக்கிறது?'

தையல்காரம்மா ஊசியைப் பல்லில் கடித்துக்கொள்கிறவர் போல உதட்டைக் கடித்துக்கொண்டார். "இருடா உனக்கு," என்றார். சொல்லிவிட்டு, அத்தனை நேரம் கட்டிய ஊரைத் தூக்கி எறிந்துவிட்டு, 'புதிய ஊர்' பட்டனை அமுக்கி, வெறும் தரையில் முதல் வேலையாக நானூற்றுப் பதினேழாம் வீட்டை வைத்தார். அதைச் சுற்றி ஊர் கட்டத் தொடங்கினார்.

பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். "உங்களுக்கும் அந்த வழுக்கையா? எனக்கும் அவன்தான்," என்றார். டீ குடிக்கப் போனவர்கள் கோப்பையோடு திரும்பி வந்தார்கள். ஒரு மணிக்குச் சாப்பாடு வந்தது, ஒருவரும் எழுந்திருக்கவில்லை. இரண்டு மணிக்குள் பத்துப் பேரில் பத்துப் பேரும் இரண்டாவது ஊரில் இருந்தார்கள். ஒருவர் அந்த ஆளை மட்டும் ஒரு தீவில் குடிவைத்தார். 'தண்ணீர் அதிகம்' என்று கடிதம் வந்தது.

மேனேஜர் என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போனார். நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். கட்டம் காலி, அழிக்க மறந்தது, மாமனார், நாற்காலி, எல்லாம்.

"எத்தனை லெட்டர் இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"நாப்பத்து மூணு."

"தீந்துபோனா?"

"முதல்லேர்ந்து வரும்."

"அப்ப ரெண்டு நாள்ல எல்லாருக்கும் மனப்பாடம் ஆயிடும், மறுபடி மூடிடுவாங்க. அடுத்த வெள்ளி முதலாளியே வந்து விளையாடப் போறாரு. அதுக்குள்ள ஒரு ஐநூறாவது வேணும். உங்க மாமனார் வீட்லதானே இருக்காரு?"

இருக்கிறாரே, எங்கே போகப் போகிறார் என்று நினைத்தபடி துள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை.

"மாமா, இன்னைக்கு என்ன குறை?"

"ஒரு குறையும் இல்லம்மா. எல்லாம் நல்லா இருக்கு," என்றார் மாமா.

என் வீட்டுக்காரர் அடுப்படிக்கு வந்து காதில் சொன்னார். "பாவம், உனக்கு ஆபீஸ்ல ரொம்ப டென்ஷன்னு காலையில அப்பாகிட்டப் பேசிட்டேன். இனிமே ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்னுட்டாரு. சந்தோஷம்தானே?"

எட்டு மாதமாக வாயில் கொழுக்கட்டை வைத்திருந்த மனிதர் அன்றைக்குத்தானா பேச வேண்டும். அவரை நான் என்ன செய்தேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

சனிக்கிழமை முழுக்க நான் முயன்றேன். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் கொடுத்தேன். "இதமா இருக்கு" என்றார். நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டேன். உட்கார்ந்து சுவரைப் பார்த்தார். "சுவர் நல்ல சுவரும்மா" என்றார். குழம்பில் மூன்று கரண்டி உப்பு அள்ளிப் போட்டேன். என் வீட்டுக்காரர் ஒரு வாயோடு எழுந்துவிட்டார். மாமா நாலு டம்ளர் தண்ணீர் குடித்துச் சாப்பிட்டு முடித்தார். கடைசியில் செய்யக்கூடாததைச் செய்தேன். சுவர்க் கடிகாரத்தை ஏழு நிமிடம் பின்னால் தள்ளி வைத்தேன். மாமா கடிகாரத்தைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இடது கண் துடித்தது. உதடு அசைந்தது. நான் பேனாவோடு பக்கத்தில் நின்றேன். அவர் எழுந்து தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நானே உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். 'எங்கள் தெருவில் வெளிச்சம் போதவில்லை.' சப்பென்று இருந்தது. எரிமலை உதவிக்கு ஒன்று எழுதி அனுப்பினார்: 'எங்கள் ஊருக்கு இன்னும் ஓர் எரிமலை வேண்டும்.' போனைக் கவிழ்த்து வைத்தேன்.

ஞாயிறு காலையில் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மாமாவின் அறைக்குப் போனேன். வேறு வழி இல்லை, அவரையே விளையாட வைத்துவிடலாம் என்று தோன்றியது. தான்தான் அது என்று தெரிந்தால் மனிதர் என்ன ஆவாரோ என்ற பயம் ஒரு பக்கம்.

மாமா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு விளையாடினார். ரோடு போட்டார். பஸ் விட்டார். முதலில் பஸ்தான் விட்டார், வீடு அப்புறம். மெதுவாக நானூற்றுப் பதினேழின் கடிதங்கள் வந்தன. ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். நாற்காலி. மணிக்கூண்டு. திரைச்சீலை. நாய். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாரும்மா இந்த ஆளு?" என்றார். "எதுலயும் திருப்தி இல்லாத ஆளா இருக்கானே."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "சும்மா, ஒரு கற்பனை மாமா."

"அது சரி, பதில் எங்க எழுதறது?"

"பதிலா?"

"ஒருத்தன் இத்தனை லெட்டர் போட்டிருக்கான். பதில் எழுத ஒரு இடமும் காணோமே."

"பதில் எதுக்கு மாமா? குறையைச் சரி பண்ணிட்டா போச்சு."

மாமா கண்ணாடியைக் கழற்றினார். எட்டு மாதத்தில் அவரை அவ்வளவு கோபமாக நான் பார்த்ததில்லை. "என்னம்மா பேசறே நீ? எங்க ஸ்டாண்டுல ஒரு புகார் நோட்டு உண்டு. நான் எழுதினா, மறுநாள் டிரைவர் அதுக்குக் கீழ பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டாத்தான் வண்டி எடுக்க முடியும். 'ஒன்பது நிமிடம் தாமதம், ஏன்?'னு எழுதுவேன். 'ஐயா, டயர் பஞ்சர்'னு எழுதுவான். 'நேத்தும் பஞ்சரா?'ன்னு எழுதுவேன். 'ஐயா, நேத்து பொய், இன்னைக்கு நெஜம்'னு எழுதுவான். ஒருத்தன் என்னைத் திட்டியே ரெண்டு பக்கம் எழுதியிருக்கான். அதுவும் பதில்தான். முப்பத்து மூணு வருஷத்துல பதில் வராத புகார் ஒண்ணு கிடையாது, தெரியுமா? அது என்ன, ஓடி வந்து நாற்காலியைத் தள்ளிப் போட்டுட்டுப் போறது? அவன் நாற்காலியையா கேட்டான்?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எட்டு மாதமாக நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தது நான்தான். ஒரு நாளும் அவருக்கு ஒரு வார்த்தை பதில் சொன்னதில்லை. நேரம் ஆகிவிட்டது என்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

மாமா நிறுத்தவில்லை. "இந்த மணிக்கூண்டுக்கு மேல நாலு முகம் இருக்கு, நாலும் ஒரே மணி காட்டுது, எந்த ஊர்ல அப்படிக் காட்டும்? பள்ளிக்கூட மணிக்கும் பஸ்ஸுக்கும் ரெண்டு நிமிஷம் இடிக்குது. தீயணைப்பு வண்டி தீயே இல்லாம கழுவிக் கழுவி நிக்குது. அந்த ஆளு இதையெல்லாம் எழுதியிருக்கணுமே, ஏன் எழுதல?"

"நீங்க சொல்லுங்க மாமா, நான் எழுதிக்கிறேன்," என்றேன். இந்தத் தடவை பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்.

திங்கள் முதல் வியாழன் வரை ஆபீசுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு, வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். ஊரில் வைக்கக்கூடிய பொருள் எழுபத்திரண்டு. பாலத்துக்கு எட்டு, பூங்காவுக்குப் பதினொன்று, தபால் நிலையத்தின் தொப்பிக்கு மட்டும் ஆறு என்று மாமா எல்லாவற்றுக்கும் அந்த ஆள் எழுதக்கூடிய புகாரைச் சொன்னார். மொத்தம் அறுநூற்றுப் பதினொன்று. எந்தப் பொருளை எங்கே வைக்கிறோமோ அதற்கேற்ற கடிதம் வரும். ஆகவே ஓர் ஊரில் வந்த புகார் இன்னோர் ஊரில் வராது. பதில் எழுத ஓர் இடமும் வைத்தோம்.

எரிமலை போனில் பதறினார். "பதில் போட்டா அவரு திருப்தி ஆயிடுவாரா? அப்ப நூறு வந்துடுமே. நூறு வந்தா மூடிட்டுப் போயிடுவாங்களே. குதிரைதான் நமக்கு."

"வரட்டும். ராத்திரி தூங்கற வரைக்கும்தான் நூறு. காலையில எழுந்தா அடுத்த லெட்டர். அந்த ஆளை எனக்குத் தெரியும்," என்றேன்.

காலியாக இருந்த கட்டத்தில் 'பதில்' என்று எழுதினேன்.

வெள்ளிக்கிழமை முதலாளி வந்தார். மேசைமேல் பிஸ்கட் நான்கு பாக்கெட். கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, சதுரமாக ஓர் ஊர் கட்டினார். எரிமலை வெடித்தது. முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார், எழுந்திருக்கப் போனார். அப்போது கடிதம் வந்தது. 'எரிமலை நான்கு நிமிடம் தாமதமாக வெடித்தது. பொறுப்பு யார்?'

முதலாளி திரும்பி உட்கார்ந்தார். "யாருய்யா இவன்?" என்றார். கொஞ்ச நேரம் யோசித்து, 'வருந்துகிறோம். இனி நேரத்துக்கு வெடிக்கும்' என்று பதில் அடித்தார். எண் நூறாகி, வாணவேடிக்கை வெடித்தது. எங்கள் எரிமலை என் கையைப் பிடித்துக்கொண்டார். வாணவேடிக்கை அடங்கியது. திரையில் ஊருக்குப் புதிதாக ஒரு நாள் பிறந்தது. 'நேற்று இரவு வெடித்த பட்டாசு பற்றி' என்று ஒரு கடிதம் விழுந்தது.

"விட மாட்டான் போலிருக்கே," என்று முதலாளி காலைக் கீழே இறக்கினார். ஏழு கடிதங்களுக்குப் பதில் போட்டார். எட்டாவதில், ஊரைப் போட்ட விதமே தப்பு, இந்த ஆளைப் பஸ் நிலையம் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு 'புதிய ஊர்' பட்டனை அமுக்கினார். மேனேஜர் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்காமல் திரும்ப அலமாரியில் வைத்தார். சாயந்திரம் குதிரை அறையிலிருந்து மூன்று பேர் வந்து, ஒரு ஊர் கட்டிப் பார்க்கலாமா என்று கேட்டார்கள். அவர்கள் குதிரைகள் தலை வாரப்படாமல் நின்றன.

அன்று வீட்டுக்குப் போனதும் பையை வைத்துவிட்டு, மாமாவின் நாற்காலிக்கு எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். முதலாளி பட்டனை அமுக்கியது எத்தனை மணிக்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"எல்லாம் சரிம்மா," என்றார். "ஒரே ஒரு குறை."

"சொல்லுங்க மாமா."

"லெட்டர் ஓரத்துல அந்த ஆளு படம் போட்டிருக்கீங்களே. வழுக்கை சரியா இருக்கு. கண்ணாடிய விட்டுட்டீங்க. கண்ணாடி இல்லாம நான் எப்படிம்மா எழுதுவேன்?"

மாமா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"ஏழு நிமிஷம் ஸ்லோவா ஓடுது," என்றார். "ஏன்?"

"நான்தான் மாமா தள்ளி வெச்சேன்," என்றேன். "நீங்க பேசவே இல்லையா, அதான்."

"ம். அப்படி ஒரு பதில் சொல்லு," என்று சொல்லிவிட்டு, என்னை எழுப்பி அந்த ஸ்டூலை எடுத்துக்கொண்டு கடிகாரத்தைச் சரிசெய்யப் போனார்.